ஆராய்ச்சி பண்ற எகனாமிக்ஸ் புரொஃபசர்களை நேர்ல பாத்திருக்கீங்களா? (பெங்களூரு)

பழைய சூப்பர்வைசர்:
பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸ்ல லைன் பாத்துட்டு இருந்தேன். கரண்ட், சுற்றுச்சூழல், கூலி வேலைன்னு காலம் பூரா ஆராய்ச்சி பண்ற புரொஃபசர் ஒருத்தர் வந்தார். மேனேஜர் ரூம்ல உக்காராம நேரா தையல் லைனுக்கு வந்து, மிஷினுக்கு மேல தொங்குற டியூப்லைட்டுக்குக் கீழ கையை நீட்டிக்கிட்டு நின்னார். காலர் வைக்கிற அக்கா, "என்ன சார், மழை வருதான்னு பாக்குறீங்களா?"ன்னாங்க. லைனே சிரிச்சுது. அவர் சிரிக்கல. "இந்தச் சூடு தலையில எத்தனை மணி நேரம்மா?"ன்னார்.

அப்புறம் சூடு கம்மியா வர்ற எல்இடி லைட்டா மாத்தினாங்க. ஏப்ரல் மத்தியானத்துலயும் போர்டுல எழுதுற பீஸ் கணக்கு குறையல. உடனே டார்கெட்டை ஏத்திட்டாங்க! "கையை நீட்டினவர் நமக்குத்தான் ஆப்பு வெச்சாரா சார்?"னு அக்கா கேட்டது இன்னும் உறுத்துது.

ஜெயநகர் வாசி:
ஏத்தினது மேனேஜ்மெண்ட், பழி புரொஃபசருக்கா? பெங்களூரு கார்மெண்ட்ஸ்ல எல்இடி பத்தி அச்சுத அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம்னு மூணு எகனாமிஸ்ட்டுங்க எழுதின கட்டுரை 2020ல வந்துது. லைன்வாரியா தினசரி உற்பத்தியையும் வெப்பநிலையையும் சேத்துப் பாத்தாங்க. சராசரி ஃபேக்டரிக்குக் கரண்ட்ல மிச்சம் சுமார் 2,880 டாலர், உற்பத்தி கூடினதுல சுமார் 7,500 டாலர். இந்தக் கணக்கைக் காட்டலன்னா எந்த முதலாளி பல்பை மாத்துவான்?

சர்வே பையன்:
நான் ஒரு புரொஃபசரோட சர்வேக்குப் போனப்போ, ஸ்ரீராமபுரத்துல ஒரு அம்மாவுக்கு, கூட வந்தவன் 'வேலை இல்லை'ன்னு டிக் போட்டான். புரொஃபசர் அவங்க மடியில இருந்த ஊதுபத்தியைக் காட்டி, "இது யாருக்கும்மா உருட்டுறீங்க?"ன்னார். கான்ட்ராக்டருக்காம், ஆயிரம் குச்சிக்கு இவ்வளவுன்னு கூலி.

இந்த ஆராய்ச்சி வேலைக்கு வர்ற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணு சொல்றேன். முதல்ல ஸ்டாட்டா (Stata), ஆர் (R)னு புள்ளிவிவரம் அலசுற சாஃப்ட்வேர்ல ஒண்ணை உருப்படியா கத்துக்கோங்க. மத்திய புள்ளியியல் அமைச்சகத்தோட வருடாந்திர தொழிற்சாலை சர்வே டேட்டா இலவசம். 2017ல ஆரம்பிச்ச தொழிலாளர் சர்வேயும் அங்கேயே கிடைக்கும். டெல்லி ஐஎஸ்ஐ-யோட (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) ஈ. சோமநாதனும் கூட்டாளிகளும் 2021ல போட்ட கட்டுரையைப் படிங்க: வருஷ வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினா ஃபேக்டரி உற்பத்தி சுமார் 2% விழுதுன்னு காட்டினாங்க. சூட்டுல ஆள் லீவு போடுறதும் கூடுதாம். அதுக்கப்புறம் பிஎச்டிக்குக் கைடு தேடுங்க. பேரைப் பாத்து மயங்காதீங்க, ஃபீல்டுக்கு வர்றவரான்னு பாருங்க. நீங்க கன்னடம் கண்டிப்பா பேசணும்.

பழைய சூப்பர்வைசர்:
தம்பி, பிஎச்டி நான் கேக்கல. ஜெயநகர் சார், அந்த 7,500ல டெய்லருக்கு எவ்வளவு போச்சு?