குபர்னெட்டிஸ் கிரான்ஜாப்: நவம்பரில் 1:30 மணி பில்லிங் ஜாப் ஏன் இரண்டு தடவை ஓடியது?

கேள்வி:
அமெரிக்க வாடிக்கையாளருக்கான பில்லிங் ஜாப். ஷெட்யூல் 30 1 * * * (தினமும் அதிகாலை 1:30), டைம்ஸோன் நியூயார்க். டெபியன் லினக்ஸ் சர்வரில் சாதாரண கிரானில் (குறித்த நேரத்தில் ஜாப்களை ஓட்டும் நிரல்) இருந்தவரை சிக்கலில்லை. குபர்னெட்டிஸுக்கு (கன்டெய்னர்களை இயக்கி நிர்வகிக்கும் தளம்; நேரப்படி ஜாப் ஓட்டுவது அதன் கிரான்ஜாப்) மாற்றியபின் 2025 நவம்பர் 2 அன்று ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை ஓடி, எல்லா இன்வாய்ஸும் இரட்டிப்பாகிவிட்டது. கன்கரன்சி பாலிசி (ஒரே ஜாபின் ரன்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடலாமா என்ற அமைப்பு) ‘ஃபர்பிட்’ என்றுதான் இருக்கிறது. ஏன் தடுக்கவில்லை?

பதில் 1:
முந்தைய ரன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால்தான் ஃபர்பிட் அடுத்ததை நிறுத்தும். உங்கள் ஜாப் அதற்குள் முடிந்திருக்கும். டிஎஸ்டி (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் முறை) முடியும் அன்று அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 1-க்குத் திரும்புவதால் 1:30 இரண்டு முறை வரும்: யுடிசியில் (டிஎஸ்டி இல்லாத உலகப் பொது நேரம்) 5:30, 6:30.

டெபியன் கிரான் மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட கடிகார மாற்றத்தைக் கவனித்து, குறித்த நேர ஜாபை மறுபடி ஓட்டாது. மார்ச்சில் கடிகாரம் முன்னே தாவும்போது விடுபட்டதை உடனே ஓட்டிவிடும். குபர்னெட்டிஸ் பயன்படுத்தும் கோ மொழி லைப்ரரியில் அந்த ஏற்பாடு இல்லை. தயவுசெய்து 2:30-க்கு மட்டும் நகர்த்தாதீர்கள். 2026 மார்ச் 8 அன்று கடிகாரம் 2-லிருந்து 3-க்குத் தாவுவதால் 2:30 என்ற நேரமே கிடையாது. ஜாப் ஓடாது, எர்ரரும் வராது. 4:15 வையுங்கள்.

பதில் 2:
நேரத்தை மாற்றுவது பாதி வேலைதான். வாடிக்கையாளர் ஐடி, பில்லிங் தேதி இரண்டையும் சேர்த்து டேட்டாபேஸில் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே சேர்க்கை இரண்டாம் முறை பதிவாகாமல் தடுக்கும் விதி) போடுங்கள். யாராவது கையால் ரீரன் செய்தாலும் இரட்டை இன்வாய்ஸ் விழாது. குவெரியில் ‘கடந்த 24 மணி நேரம்’ என்று இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். நவம்பரில் அந்த நாளுக்கு 25 மணி நேரம், ஒரு மணி நேர டேட்டா விடுபடும். மார்ச்சில் அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான், ஒரு மணி நேர டேட்டா இருமுறை சேரும். உள்ளூர் நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை கணக்கிட்டு, அந்த இரண்டு எல்லைகளையும் யுடிசிக்கு மாற்றித் தேடுவதுதான் சரி.

கேட்டவர்:
நன்றி. பேசாமல் ஷெட்யூலையே யுடிசிக்கு மாற்றினால்?

பதில் 1:
பில்லிங்குக்கு ஒத்துவரும். யுடிசி 8:15 என்றால் நியூயார்க்கில் கோடையில் 4:15, குளிர்காலத்தில் 3:15. இரண்டும் நள்ளிரவுக்குப் பின்தான். வங்கி கட்-ஆஃப் போல உள்ளூர் நேரத்தோடு கட்டிப்போட்ட ஜாப் என்றால் வேண்டாம். எதுவானாலும் டைம்ஸோன் ஃபீல்டை வெறுமையாக விடாதீர்கள். விட்டால் குபர்னெட்டிஸில் ஜாப்களைத் தொடங்கிவைக்கும் கன்ட்ரோலர் மேனேஜரின் டைம்ஸோனை எடுத்துக்கொள்ளும்.

பதில் 3:
வேறு நாட்டு வாடிக்கையாளர் வந்தால் 0:00 பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். லெபனானில் கடிகாரம் முன்னே போவதே நள்ளிரவில்தான். டிஸெட்டேட்டாவும் (நாடுகளின் நேர விதிகள் அடங்கிய தரவுத்தளம்) பழசாக இருக்கக் கூடாது: மெக்சிகோவின் பெரும்பகுதி 2022-இல் டிஎஸ்டியைக் கைவிட்டது, பழைய கன்டெய்னர் இமேஜ்களுக்கு அது தெரியாது. ஜாவா இந்தத் தரவுத்தளத்தின் தனிப் பிரதியைத் தனக்கென்று வைத்திருக்கும், ஓஎஸ்ஸை அப்டேட் செய்தால் அது மாறாது. லாகில் -04:00, -05:00 ஆஃப்செட்டையும் (யுடிசியிலிருந்து உள்ள வித்தியாசம்) அச்சிடுங்கள். இல்லாவிட்டால் எந்த 1:30 என்று பிரித்தறியவே முடியாது.