கலைச்சொல்: மோட்டார் தண்டில் ஏறும் மின்னழுத்தத்தை இறக்கும் வளையம்

அன்பர்களுக்கு வணக்கம்.

வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) வழியே ஓடும் மோட்டார்களின் பேரிங்கைக் காக்கத் தண்டைச் சுற்றிப் பொருத்தும் ‘ஷாஃப்ட் கிரவுண்டிங் ரிங்’குக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். பராமரிப்புக் கையேட்டில் ‘தண்டுப் புவித்தொடுப்பு வளையம்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். அந்த வளையம் இல்லாதபோது பேரிங்கின் ஓடுபாதையில் வரிசையாக விழும் குறுக்குக் கோடுகளை ‘ஃபுளூட்டிங்’ என்கிறார்கள். அதற்கு ‘மின்னரிப்பு’ பொருந்துமா?

—

> தண்டுப் புவித்தொடுப்பு வளையம்

‘புவித்தொடுப்பு’ வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வளையம் தண்டை மோட்டாரின் உடலோடுதான் சேர்க்கிறது, மண்ணோடு அல்ல. பெயரில் ‘புவி’ இருந்தால், பொருத்துகிறவர் வளையத்திலிருந்து தனிக் கம்பி இழுத்து எர்த் குழிக்குக் கொண்டுபோவார். அதனால் பேரிங் பிழைக்காது.

காரணம், இந்த மின்னழுத்தம் பிறக்கும் விதம். மின்வாரியத்தின் சைன் அலையில் மூன்று ஃபேஸையும் எந்தக் கணத்தில் கூட்டினாலும் சுழிதான் வரும். வி.எஃப்.டி.யின் வெளியீட்டில் அப்படி வராது. 415 வோல்ட் உள்ளீட்டை நேராக்கினால் உள்ளே சுமார் 587 வோல்ட் டி.சி. நிற்கும். ஐ.ஜி.பி.டி.கள் என்னும் மின்னணுச் சுவிட்சுகள் அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி அனுப்புகின்றன. ஒவ்வொரு ஃபேஸும் டி.சி.யின் நேர்முனையில் இருக்கும், இல்லையென்றால் எதிர்முனையில் இருக்கும். ஆகவே மூன்றின் சராசரி, டி.சி. நடுப்புள்ளியை வைத்துப் பார்த்தால், ±98 வோல்ட்டுக்கும் ±293 வோல்ட்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். இதில் ஒரு சிறு பங்கு, மோட்டாருக்குள் உள்ள காற்றிடைவெளியை மின்தேக்கியாகக் கொண்டு ரோட்டாரில், அதாவது சுழலும் பகுதியில், ஏறிவிடுகிறது. சில வோல்ட்டிலிருந்து சில பத்து வோல்ட் வரை தண்டில் நிற்கும். பேரிங் குண்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே உள்ள கிரீஸ் படலம் மிக மெல்லியது. அது தாங்காமல் உடைந்ததும் பொறி பாயும், அந்த இடத்தில் உலோகம் நுண்குழியாக உருகும்.

இந்த மின்னோட்டம் கிளம்பிய இடம் வி.எஃப்.டி., திரும்பிச் சேர வேண்டிய இடமும் அதுதான். வளையத்திலிருந்து மோட்டார் உடலுக்கு, அங்கிருந்து கேபிளின் ஷீல்டு (கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை), எர்த் கம்பி வழியாக டிரைவின் எர்த் முனைக்கு என்பதே சரியான பாதை. பொறியின் மின்னோட்டம் மெகாஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண் கொண்டது. நீளமான ஒற்றைக் கம்பி அதற்குப் பெரிய மறிப்பு. எர்த் குழியின் ஓம் அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இது மாறாது. ஷீல்டை வால்போல் முறுக்கி ஒரே திருகில் கட்டுவதும் இதே தவறுதான். கேபிள் நுழையும் இடத்தில் ஷீல்டைச் சுற்றுமுழுதும் கவ்வும் உலோகக் கிளாண்டு வேண்டும், உடலை அடித்தளத்தோடு இணைக்கத் தட்டையான பின்னல் பட்டை வேண்டும்.

எனவே ‘தண்டு மின்வடி வளையம்’ என்று முன்மொழிகிறேன். எங்கே போய்ச் சேர்கிறது என்று சொல்லாமல், தண்டில் சேர்வதை வடிக்கிறது என்ற வேலையை மட்டும் இந்தப் பெயர் சொல்கிறது. வடிகால், வடிகுழாய் போல ‘வடி’ எல்லோருக்கும் பழகிய வினை.

‘மின்னரிப்பு’ ஈரத்தில் உலோகம் அரிபடுவதை நினைவூட்டிக் குழப்பும். பட்டறையில் “பேரிங்ல கோடு விழுந்திருக்கு” என்கிறார்கள். அதையொட்டி ‘மின்வரித்தழும்பு’ எனலாம். ‘மின்’ கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் நின்றுகொண்டிருக்கும் மோட்டார் பக்கத்து எந்திரத்தின் அதிர்வை வாங்கினாலும் ஓடுபாதையில் தடங்கள் விழும். அவை குண்டுகளின் இடைவெளியிலேயே இருக்கும். மின்சாரத்தால் விழும் வரிகள் அதைவிட நெருக்கமானவை. குண்டுகள் பளபளப்பு இழந்து மங்கியிருக்கும், கிரீஸ் கருகிக் கறுத்திருக்கும். பேரிங்கை வெட்டிப் பார்க்காமல் “கிரீஸ் பத்தவில்லை” என்று எழுதி மாற்றிவிட்டால், புதியதும் அதே வழியில் போகும்.

—

‘மின்வடி வளையம்’ எனக்கு முழுச் சம்மதம். பதிவில் விளக்கமும் சேரட்டும், ஏனென்றால் தவறாகப் பொருத்திய வளையம் இல்லாததற்குச் சமம்.

வளையம் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி வெறும் உலோகம் தெரிய வேண்டும். தண்டில் துரு, எண்ணெய், பழைய பூச்சு எதுவும் கூடாது. துடைத்தபின் வெள்ளித்துகள் கலந்த கடத்துபூச்சு ஒரு கை அடிப்பது நல்லது. துளையிட முடியாத இடத்தில் ஒட்டுவதற்குக் கடத்தும் எபாக்சிதான், கடையில் கிடைக்கும் சாதாரண எபாக்சி காப்புப் பொருள். திருகு கழலாமலிருக்க இடும் பசையிலும் இதே கவனம் வேண்டும். வளையத்தின் கார்பன் நாரிழைகள் சாவிப்பள்ளத்தின் (கப்ளிங்கைப் பூட்டும் சாவிக்காகத் தண்டில் வெட்டிய பள்ளம்) மேல் ஓடக்கூடாது. வேறு இடமே இல்லையென்றால் அந்தப் பகுதியில் பள்ளத்தை எபாக்சிப் பசையால் நிரப்பி மட்டமாக்க வேண்டும். முடித்தபின் வளையத்துக்கும் உடலுக்கும் இடையே ஓம் பார்த்தால் சுழிக்கு அருகில் காட்ட வேண்டும்.

சுமார் 75 கிலோவாட் வரை, அதாவது 100 குதிரைத்திறன் வரை, பெரும்பாலும் ஒரு வளையம் போதும். அதற்கு மேல் தண்டு, இரு பேரிங்குகள், உடல் என்று சுற்றிவரும் வேறொரு மின்னோட்டமும் சேர்ந்துகொள்ளும். அதை அறுக்க விசிறிப் பக்கத்தில் காப்பிட்ட பேரிங்கும், சுமைப் பக்கத்தில் வளையமும் வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் வளையம் காப்பைத் தாண்டிப் பாலம் போட்டுவிடும், காப்புக்குக் கொடுத்த பணம் வீண். இரு பேரிங்கையும் காப்பிட்டு வளையத்தை விட்டுவிடுவதும் ஆபத்து. தண்டின் மின்னழுத்தம் கப்ளிங் வழியே கியர்பாக்ஸ், பம்பு பேரிங்குக்குப் போகும். மோட்டார் நலமாக இருக்க, அடுத்த எந்திரம் கெடும். நூற்பாலையின் ஈரப்பதமூட்டும் நிலைய விசிறிகள்போல இரவுபகலாக ஓடுபவற்றில் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

அளப்பதற்கு மல்டிமீட்டர் உதவாது. அலைக்காட்டியும் 10:1 புரோபும் வேண்டும். புரோபின் முனையில் கார்பன் நார்த் தூரிகை, அதைப் பிடிக்கக் காந்தத் தாங்கி, தரைக் கிளிப் பெயின்ட் நீக்கிய உடலில். சுழலும் தண்டருகே கையால் பிடித்து நிற்கக் கூடாது. மின்னழுத்தம் ஏறி ஏறிச் சட்டென்று செங்குத்தாக விழுந்தால் பேரிங்கில் பொறி பாய்கிறது என்று பொருள். டிரைவ் டி.சி.யை வெட்டும் வேகமான கேரியர் அதிர்வெண்ணை 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4க்கு இறக்கினால் பொறிகளின் எண்ணிக்கை குறையும், மோட்டாரின் இரைச்சல் கூடும். நோய் அதனால் தீராது.

நீண்ட கேபிளில் அலை திரும்பி மோதிச் சுருள் காப்பைத் துளைப்பது வேறு கோளாறு. அதற்கு இந்த வளையம் மருந்தல்ல, மின்னழுத்தம் ஏறும் வேகத்தைத் தணிக்கும் டி.வி./டி.டி. (dV/dt) ஃபில்டர் வேண்டும். அந்தச் சொற்களுக்குத் தனி இழை தொடங்கலாம்.

பதிவுக்கு என் வரைவு:

தண்டு மின்வடி வளையம்: வி.எஃப்.டி. இயக்கும் மோட்டாரின் தண்டில் ஏறும் மின்னழுத்தம் பேரிங் வழியே பாயாமல், கடத்தும் நாரிழைகளால் அதை மோட்டார் உடலுக்கு வடிக்கும் வளையம். எர்த் குழிக்குத் தனிக் கம்பி இதற்குத் தேவையில்லை. காப்பிட்ட பேரிங் இருக்கும் முனையில் பொருத்தலாகாது.

மின்வரித்தழும்பு: பொறி பாய்ந்ததால் பேரிங் ஓடுபாதையில் விழும் நெருக்கமான குறுக்குவரிகள்.