எல்கேஜியில் எழுத வைக்காத பள்ளிக்கு எதற்கு ஃபீஸ்?

பள்ளத்தூர் அப்பா:
மகள் எல்கேஜி, காரைக்குடியில் ஒரு நர்சரி, வேனில் போய் வருகிறாள். ஜூனில் சேர்த்தோம், ஆவணியே முடியப் போகிறது, இன்னும் 'அ' எழுத வரவில்லை. நோட்டைத் திறந்தால் கலர் கிறுக்கல். என்ன படித்தாய் என்றால் களிமண் உருட்டினோம், பாட்டுப் பாடினோம் என்கிறாள். மச்சினன் மகன் தேவகோட்டையில் அதே எல்கேஜி, ஐம்பது வரை எழுதுகிறான். களிமண் உருட்ட எங்கள் கண்மாய்க்கரை போதாதா?

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 'அ'வை நீங்களே மெதுவாக எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, அங்கிருந்து வளைவு, குறுக்கே ஒரு கோடு, கடைசியில் நேராக ஒரு கோடு. நாலு வயசுக் கைக்கு அது பெரிய வேலை. மணிக்கட்டில் இருக்கும் 8 சின்ன எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதான், ஒவ்வொன்றாக எலும்பாகி வர வருஷக்கணக்காகும். அதனால்தான் நான் ஒன்றாம் வகுப்பிலேயே 'ட', 'ப' என்று நேர்கோட்டு எழுத்தில் தொடங்குவேன், 'அ' பின்னால் வரும், 'இ' அதற்கும் பின்னால். களிமண் விளையாட்டு என்று நினைக்காதீர்கள், பென்சில் பிடிக்கும் விரலுக்கு அதுதான் பயிற்சி. வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுத்துக் கொடுங்கள், ஒவ்வொரு முத்தாகப் பொறுக்கிப் போடட்டும். அப்பத்தாவோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாலும் சரிதான் (கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்).

புதுவயல் ரைஸ்மில்:
வெங்காயம் உரிக்க ஃபீஸ் கட்டணுமா டீச்சர்? ஊருக்கு உபதேசம் நன்றாக இருக்கிறது. உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது என்று முதலில் சொல்லுங்கள். என் மகன் மூணரை வயதில் ஏபிசிடி எழுதினான், கை ஒன்றும் ஒடிந்துவிடவில்லை. இப்போது எட்டாவது, முதல் ரேங்க்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
என் மகள் நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயேதான் படித்தாள். சில பிள்ளைகள் மூணரையில் எழுதும், யாரும் மறுக்கவில்லை. அதையே முப்பது பிள்ளைக்கும் அளவாக வைக்கும்போதுதான் தகராறு. கேந்திரிய வித்யாலயாவில் 2022 முதல் ஒன்றாம் வகுப்பில் சேரவே 6 வயது ஆக வேண்டும். நம் ஊரில் 5 வயதில் சேர்க்கிறோம், அதற்கு முன் எல்கேஜி, யூகேஜி, அதற்கும் முன் ப்ரீகேஜி. என் பயமெல்லாம் வேறு. எழுதி எழுதி அலுத்துப்போய் வருகிற பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறது, அதை மறுபடி சிரிக்க வைக்க அரையாண்டு வந்துவிடுகிறது.

நர்சரி மிஸ்:
டீச்சர் சொல்வது எங்களுக்கும் தெரியும், டிரெயினிங்கில் படித்ததுதான். ஆனால் சாயந்திரம் கேட்டில் நிற்கிற அம்மாமார் முதலில் பார்ப்பது நோட்டை. நோட்டில் ஒன்றும் இல்லை என்றால் அடுத்த நாள் கரஸ்பாண்டென்ட் ரூமில் நான். அதனால் கையைப் பிடித்து எழுத வைக்கிறோம். பள்ளத்தூர் சார், மச்சினன் மகன் நோட்டில் பாதி மிஸ் எழுதியதாகக்கூட இருக்கலாம், வருத்தப்படாதீர்கள். இதற்கு நடுவில் ஒருத்தன் டிபன் பாக்ஸைக் கவிழ்ப்பான், இன்னொருத்தி அம்மா அம்மா என்று அழுவாள், ஆயா லீவு என்றால் பாத்ரூமுக்கும் நான்தான் கூட்டிப் போகணும். சம்பளத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் 'மிஸ், நீங்க வரலைன்னு நெனச்சேன்' என்று ஓடி வந்து புடவையைப் பிடிக்கும்போது வேலையை விடும் எண்ணம் போய்விடுகிறது.

ஓய்வு வாத்தியார்:
எங்கள் காலத்தில் திண்ணையில் மணலைப் பரப்பி விரலால்தான் எழுதினோம். பென்சிலும் இல்லை, எலும்புக் கதையும் இல்லை. விஜயதசமிக்கு நெல்லில் 'அ' எழுதும்போது பிள்ளைக்கு என்ன வயது? தப்பாக எழுதினால் தலையில் ஒரு குட்டு, அவ்வளவுதான், எழுத்து முத்து முத்தாக வந்தது. இன்றைக்குக் குட்டக் கூடாது, திட்டக் கூடாது, பிறகு எழுத்து எங்கிருந்து வரும்?

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
ஐயா, மணல் ரொம்பச் சரி. விரலால் பெரிதாக எழுதினால் வடிவம் கையில் நிற்கும், நானும் தட்டில் மணல் போட்டுத்தான் எழுத வைக்கிறேன். குட்டு மட்டும் வேண்டாம், 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், குட்டு வாங்கியதால் பாதியில் நின்றவர்கள் எழுத்து முத்தாக இருந்ததா என்று யார் பார்த்தார்கள்?

புதுவயல் ரைஸ்மில்:
அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இல்லையா? அதற்கும் எலும்புதான் காரணமா?

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
இருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. அதற்காகத்தான் 2022ல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை இருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, ஒன்று முதல் மூன்று வரை எனக்கு ஒரே அறை. மொட்டுக்குக் கதை சொன்னால் அரும்பு காதைத் தீட்டிக்கொண்டு வந்து உட்காரும், கணக்கைப் பாதியில் போட்டுவிட்டு. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், வந்தவர்களும் மாட்டுக் கதைதான் பேசுவார்கள், அன்றைக்கு அதுவே பாடம். போன வருஷம் அரும்பை விட்டு நகராத ஒரு பையன் பஸ் ஸ்டாப்பில் நின்று 'கா...ரைக்...குடி' என்று போர்டைக் கூட்டிப் படித்தான், சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. அவன் எல்கேஜி பக்கமே போனதில்லை.

பள்ளத்தூர் அப்பா:
சரி டீச்சர், வேலை இருப்பது புரிகிறது. எனக்கு இன்னும் முழுசாக மனசு ஒப்பவில்லை. அரையாண்டு வரை பார்க்கிறேன், அப்புறமும் இதே கிறுக்கல் என்றால் தேவகோட்டைப் பள்ளிதான்.

நர்சரி மிஸ்:
மாற்றுங்கள் சார், உங்கள் இஷ்டம். மாற்றும் முன் அங்கே ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆயா உண்டா, இந்த இரண்டை மட்டும் கேட்டுவிடுங்கள்.