கார்டு ரீடரில் போட்டால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது, கேமராவில் படங்கள் நன்றாகத் தெரிகின்றன – உதவி தேவை

மாயவரம் ஸ்டுடியோ:
வணக்கம். திருக்கடையூரில் ஒரு சதாபிஷேகம் எடுத்துவிட்டு வந்தோம். பெரியவருக்கு எண்பது வயது. பேரன் பேத்திகள் எல்லாரும் வெளியூர், வெளிநாடு என்று பல இடங்களிலிருந்து வந்திருந்தார்கள். திரும்பவும் அவர்களை இப்படி ஒன்றாக நிறுத்திப் படம் எடுக்க முடியுமா என்று சொல்ல முடியாது. கலசாபிஷேகம் முழுவதும் ஒரே 128 ஜிபி எஸ்டி கார்டில் இருக்கிறது.

கார்டைக் கேமராவில் போட்டால் எல்லாப் படமும் வரிசையாகத் தெரிகிறது, பெரிதாக்கியும் பார்க்க முடிகிறது. ரீடரில் போட்டுக் கம்ப்யூட்டரில் செருகினால், டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வருகிறது. அதே ரீடரில் பழைய 32 ஜிபி கார்டு ஒழுங்காகத் திறக்கிறது. விண்டோஸ் 10 தான். ரீடர் ஸ்டுடியோவில் வெகுகாலமாக இருப்பது, எல்லா வகைக் கார்டுக்கும் துளை உள்ள பழைய மாடல்.

கார்டு போய்விட்டதா? இல்லை ரீடரா? வாடிக்கையாளர் ஆல்பம் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். விவரம் தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

காளையார்கோவில் வாசகர்:
ஃபார்மேட் கொடுத்துவிட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துவிடலாமே. என் நண்பர் அப்படித்தான் எடுத்தார்.

சர்வீஸ் அண்ணன்:
தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேலே சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கேமராவில் படம் தெரிகிற கார்டை ஃபார்மேட் செய்ய எந்தக் காரணமும் இல்லை. கேமரா படிக்கிறது என்றால் படங்களும் அவற்றின் பட்டியலும் பத்திரமாக இருக்கின்றன. ரெக்கவரி சாஃப்ட்வேர் கடைசி வழி. பெரிய வீடியோ துண்டு துண்டாகப் பதிவாகியிருந்தால் அது முழுதாக ஒட்டி வராது, கோப்புப் பெயர்களும் போய்விடும்.

முதலில் கார்டின் இடது ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தள்ளுபொத்தானை, அதாவது லாக்கை, கீழே தள்ளிவிடுங்கள். அந்த நிலையில் ரீடரில் போட்டால் பெரும்பாலும் விண்டோஸ் அதில் எதையும் எழுதப் போகாது. கை தவறி ஓகே அமுக்கினாலும் ஒரு தடை இருக்கும்.

அப்புறம் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ரீடரின் முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது? கார்டின் முகப்பில் என்னென்ன குறிகள் இருக்கின்றன? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால், அந்தக் கார்டு எத்தனை ஜிபி என்று காட்டுகிறது? ஃபார்மேட் பெட்டி வந்தால் கேன்சல் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

மாயவரம் ஸ்டுடியோ:
லாக் போட்டுவிட்டேன் அண்ணா. ரீடரின் அடியில் எழுத்து பாதி தேய்ந்திருக்கிறது. எஸ்டி, எம்எம்சி, எஸ்டிஎச்சி, மெமரி ஸ்டிக், எக்ஸ்டி என்று படிக்க முடிகிறது. கார்டில் எஸ்டிஎக்ஸ்சி, பக்கத்தில் ரோமன் எழுத்தில் ஒன்று, யூ என்ற எழுத்துக்குள் 3, வி30, 170 எம்பி என்று போட்டிருக்கிறது.

டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்துத் திகைத்துவிட்டேன். 128 ஜிபி கார்டை இருபத்து சொச்சம் ஜிபி என்று காட்டுகிறது.

சர்வீஸ் அண்ணன்:
அப்படியானால் கவலையை விடுங்கள். கார்டு நன்றாக இருக்கிறது, ரீடருக்குத்தான் அதை எண்ணத் தெரியவில்லை. நல்ல நிலையில் இருக்கும் 128 ஜிபி கார்டு விண்டோஸில் 119 ஜிபி சுமாருக்குக் காட்ட வேண்டும்.

காரணம் இதுதான். எஸ்டி கார்டு ஒரே வடிவத்தில் வந்தாலும் உள்ளே தலைமுறை வேறு. முதலில் வந்த சாதா எஸ்டி 2 ஜிபி வரை. 2006-இல் எஸ்டிஎச்சி வந்தது, அது 32 ஜிபி வரை. 2009-இல் அறிவித்த எஸ்டிஎக்ஸ்சி 32-க்கு மேலே 2 டிபி வரை போகும். பழைய ரீடருக்குள் இருக்கும் சிப் 32-ஐத் தாண்டி எண்ணும்படி எழுதப்படவில்லை என்றால், கொள்ளளவைத் தப்பாகக் கணக்கிட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கார்டின் பட்டியலில் இருப்பது ஒன்று, ரீடர் சொல்வது ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாததால் விண்டோஸ் குழம்பிப்போய் ஃபார்மேட் கேட்கிறது. அந்த ரீடரில் வைத்து ஃபார்மேட் கொடுத்திருந்தால் தப்பான அளவிலேயே புதுப் பட்டியல் எழுதியிருக்கும். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்தீர்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு அது. எஸ்டிஎச்சி ஃபேட்32 அமைப்பில் வரும், எஸ்டிஎக்ஸ்சி எக்ஸ்ஃபேட் அமைப்பில் வரும். விண்டோஸ் எக்ஸ்பி மாதிரிப் பழைய சிஸ்டத்தில் தனி அப்டேட் போட்டால்தான் எக்ஸ்ஃபேட் புரியும். அங்கே ரீடர் சரியாக இருந்தாலும் இதே பெட்டி வரும். உங்களுடையது விண்டோஸ் 10, அதனால் அந்தப் பிரச்சினை இல்லை.

இப்போதைக்குக் கேமராவையே கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கேமராவில் கார்டைப் படிப்பது கேமராதான், கம்ப்யூட்டருக்குக் கோப்புகள் மட்டும் வந்து சேரும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும், பாதியில் அணையக் கூடாது.

மாயவரம் ஸ்டுடியோ:
கேபிள் மாட்டினேன், கேமரா வந்ததாகவே கம்ப்யூட்டர் காட்டவில்லை. பேட்டரி மட்டும் சார்ஜ் ஆகிறது.

கல்யாண வீடியோ:
அது சார்ஜ் கேபிளாக இருக்கும். சில கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கேமராப் பெட்டியில் வந்த கேபிளைத் தேடிப் பாருங்கள்.

மாயவரம் ஸ்டுடியோ:
கிடைத்துவிட்டது! பெட்டிக்குள் பிரிக்காமலே இருந்தது. இப்போது காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது. முதல் படமே மாலை மாற்றும் படம், அப்படியே இருக்கிறது. அண்ணன் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் ரொம்ப மெதுவாகப் போகிறது. புது ரீடர் வாங்கிவிடலாம் என்று கடையில் கேட்டேன். யூஎச்எஸ்-2 ரீடர்தான் வேகம் என்கிறார்கள், விலை பல மடங்கு. என் கார்டுக்கு அது தேவையா?

கல்யாண வீடியோ:
உங்கள் கார்டுக்குத் தேவை இல்லை. யூஎச்எஸ் என்பது கார்டும் ரீடரும் டேட்டா கடத்திக்கொள்ளும் வேக முறை. கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். தங்க நிறத் தகடுகள் ஒரே வரிசையில் இருந்தால் அது யூஎச்எஸ்-1. யூஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே இரண்டாவது வரிசையும் இருக்கும். முகப்பில் ரோமன் ஒன்று என்று நீங்கள் சொன்னதும் அதையேதான் காட்டுகிறது. யூஎச்எஸ்-2 ரீடரில் போட்டால் உங்கள் கார்டு ஓடும், ஆனால் முதல் வரிசையை மட்டும் வைத்துத்தான் ஓடும். கூடுதல் பணம் வீண்.

கணக்கைச் சொல்கிறேன். யூஎச்எஸ்-1 முறையின் உச்ச வரம்பு நொடிக்கு 104 எம்பி. நடைமுறையில் நல்ல ரீடரில் 90 கிடைக்கும். யூஎஸ்பி 2.0 ரீடர் என்றால் கார்டு எதுவானாலும் 35, 40-ஐத் தாண்டாது. நிறைந்த 128 ஜிபி கார்டைக் காப்பி செய்ய யூஎஸ்பி 2.0-இல் ஒரு மணி நேரம், யூஎஸ்பி 3.0-இல் 25 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்து ரிசப்ஷனுக்குள் கார்டைக் காலி செய்ய வேண்டிய எங்களுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

கார்டில் 170 எம்பி என்று போட்டிருப்பது அந்தக் கம்பெனி 104 வரம்பைத் தாண்டித் தன் சொந்த முறையில் ஓட்டும்போது வருகிற வேகம். அதற்கு அந்த முறையைப் புரிந்துகொள்ளும் ரீடர் வேண்டும். மற்ற ரீடரில் 90 பக்கம் வந்தால் குறை ஒன்றும் இல்லை. வி30 என்பது வேறு சங்கதி, வீடியோ எடுக்கும்போது எழுதும் வேகம் நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உத்தரவாதம். காப்பி ஆகும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்று, படங்களைப் போடுவது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதன் வேகமே 100, 150 எம்பிக்குள் நின்றுவிடும். குழாய் எவ்வளவு பெரிதானாலும் குடத்தின் வாய் அளவுக்குத்தான் தண்ணீர் இறங்கும்.

சர்வீஸ் அண்ணன்:
கடையில் வாங்கும்போது இதை மட்டும் கவனியுங்கள். ரீடரின் யூஎஸ்பி முனைக்குள் நீல நிறப் பிளாஸ்டிக் இருந்தால் 3.0 என்று நம்பிவிடக் கூடாது. முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். முன்னால் நான்கு நீளத் தகடுகள் இருக்கும், அவை எல்லா யூஎஸ்பியிலும் உண்டு. அவற்றுக்குப் பின்னால், உள்ளே தள்ளி, ஐந்து சின்னத் தகடுகள் வரிசையாக இருக்க வேண்டும். அந்த ஐந்தும் இருந்தால்தான் 3.0. நீலப் பிளாஸ்டிக் மட்டும் போட்டு, உள்ளே நான்கு தகடே வைத்த ரீடர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஏமாற்றி விற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

எல்லாத் துளையும் உள்ள பெரிய ரீடர் வேண்டாம். உங்களிடம் இருப்பது எஸ்டியும் மைக்ரோ எஸ்டியும்தான், அந்த இரண்டு துளை போதும். கார்டு நேராக, இறுக்கமாக உட்கார வேண்டும். ஆடினால் அந்த ரீடரை எடுக்காதீர்கள், காப்பி நடுவில் டிரைவ் காணாமல் போகும்.

சேலம் ஆசிரியை:
இடையில் என் சந்தேகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். யூஎஸ்பி 3.0 ரீடர் மாட்டினால் என் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது. ரீடரைக் கழற்றினால் சரியாகிவிடுகிறது. இது எதனால்?

சர்வீஸ் அண்ணன்:
இது பழுது இல்லைங்க டீச்சர். யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கிளம்பும், உங்கள் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மவுஸின் சின்ன ரிசீவரை ரீடருக்குப் பக்கத்துத் துளையில் வைக்காமல் எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரீடரைத் தள்ளி வையுங்கள்.

உபுண்டு பயனர்:
லினக்ஸில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.4 பதிப்பிலிருந்து எக்ஸ்ஃபேட் உள்ளேயே வந்துவிட்டது. அதற்கு முந்தைய பதிப்பில் எக்ஸ்ஃபேட் ஃபியூஸ் என்ற தொகுப்பை நிறுவினால் எஸ்டிஎக்ஸ்சி கார்டு திறக்கும்.

மாயவரம் ஸ்டுடியோ:
புது ரீடர் வாங்கிவிட்டேன். கடையிலேயே முனைக்குள் பார்த்து ஒன்பது தகட்டையும் எண்ணிவிட்டுத்தான் காசு கொடுத்தேன். அதே கார்டு இப்போது 119 ஜிபி என்று சரியாகக் காட்டுகிறது, ஃபார்மேட் பெட்டி வரவே இல்லை.

ஒரே ஒரு குறை. கேபினட்டின் முன்பக்கத் துளையில் மாட்டினால் பெரிய வீடியோ கோப்பு வரும்போது டிரைவ் மறைந்து மறுபடி வருகிறது. பின்பக்கத்தில் மாட்டினால் ஒழுங்காகப் போகிறது. ரீடரை மாற்றித் தரச் சொல்லட்டுமா?

சர்வீஸ் அண்ணன்:
வேண்டாம் தம்பி, ரீடர் நன்றாகத்தான் இருக்கிறது. பின்பக்கத் துளைகள் மதர்போர்டிலேயே நேராகப் பற்றவைத்தவை. முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு கேபிள் போகிறது. அது மலிவானதாகவோ சரியாகச் செருகாததாகவோ இருந்தால் 3.0 வேகம் தாங்காமல் இணைப்பு அறுந்துவிடும். கேபினட்டைத் திறக்கும்போது அந்தக் கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள். அதுவரை பின்பக்கமே இருக்கட்டும். தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பிலும் ரீடரை மாட்டாதீர்கள், அங்கேயும் இதே தொல்லை வரும்.

கார்டைக் காலி செய்ய அவசரப்படாதீர்கள். படங்கள் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் இருக்கட்டும். கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் கார்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். அதெல்லாம் சரி என்றால் லாக்கை எடுத்துவிட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். அந்தக் கேமராவுக்கு வேண்டிய ஃபோல்டர் அமைப்பு அப்போதுதான் சரியாக விழும்.

கல்யாண வீடியோ:
புதுக் கார்டு வாங்கும்போதும் முதல் வேலைக்கு எடுத்துப்போகும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும், 128 என்று ஒட்டிய போலிக் கார்டு என்றால் காட்டிக்கொடுத்துவிடும். கார்டு காலியாக இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள்.

மாயவரம் ஸ்டுடியோ:
அப்படியே செய்கிறேன் அண்ணா. பழைய ரீடரில் "32 ஜிபி வரை மட்டும்" என்று பேப்பர் ஒட்டிவிட்டேன், கடைப் பையன்கள் யாரும் தெரியாமல் பெரிய கார்டைப் போட்டுவிடக் கூடாது. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கப் பெரியவரின் மகள் நாளை வருகிறார்.