பாதியில் சேர்த்தவரைப் பேச வைப்பது எப்படி?

நண்பர்களே, கிடங்கின் இருப்புக் கணக்கைக் கணினிக்கு மாற்றும் திட்டம் என் தலையில் விழுந்திருக்கிறது. யாருக்கெல்லாம் இதில் பங்கு என்று, அதிகாரம் ஒரு பக்கம், ஆர்வம் ஒரு பக்கமாக நான்கு கட்டம் போட்டேன். மேலாளர், கணக்குப் பிரிவு எல்லோரும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டார்கள். இரவில் சரக்கு இறக்கும் பொறுப்பாளரை மட்டும் ‘அதிகாரம் குறைவு’ என்று ஓரங்கட்டிவிட்டேன். (என் முட்டாள்தனம்தான்.)

சோதனை ஓட்டத்தின் மூன்றாம் நாள் பார்த்தால், அவர் திரையைத் தொடவே இல்லை. பழைய நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் பதியாவிட்டால் மறுநாள் கணக்கே ஒத்துப்போகாது. இப்போது கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறார், தலையாட்டுகிறார், வாய் திறப்பதில்லை. மேலாளர் எதிரில் இருப்பதாலோ என்னவோ.

இப்படி விட்டுப்போனவரைப் பாதி வழியில் சேர்த்துக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா? அவர் வேலை நேரத்திலேயே போய்ப் பக்கத்தில் உட்காரலாமா? முதலில் என்ன கேட்டீர்கள்?