பட்டியலில் இல்லாத கறிவேப்பிலை மரம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் என்றதும் இன்றைக்குப் பலருக்கு லிட்டில் இந்தியா வளைவும் அந்த நீரூற்றும்தான் ஞாபகம் வரும். லிட்டில் இந்தியா 2010-இல்தான் வந்தது. திறப்புக்கு மன்மோகன் சிங்கே வந்திருந்தார். எங்களுக்கு பிரிக்பீல்ட்ஸ் என்றால் ஜாலான் ரொசாரியோவும் ஜாலான் சான் ஆ தோங்கும்தான். அங்கே வரிசை வரிசையாக நின்ற வீடுகளை ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்போம். நூறு வருஷம் தாண்டிய வீடுகள்.

அப்பா ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. இப்போது கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையமும் கட்டடங்களும் நிற்கும் 72 ஏக்கரும் அப்போது ரயில் யார்டு. ராத்திரியில் சரக்குப் பெட்டிகளைக் கோப்பார்கள். முதல் பெட்டியில் 'டங்' என்று ஆரம்பிக்கும் சத்தம் ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டிக் கடைசி வரை ஓடி அடங்கும். ஈப்போவிலிருந்து வரும் சித்தி தூங்க முடியாமல் புலம்புவார். எங்களுக்கோ அது நின்றால்தான் விழிப்பு வரும்.

சொர்க்கம் என்று கதை விட மாட்டேன். கூரை ஒழுகும், கரையான் அரிக்கும், மழை பெரிதாகப் பிடித்தால் சாக்கடை பொங்கும். ஆனால் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. முன்வாசல் விருந்தாளிக்கு, பின்வாசல் எங்களுக்கு. மலாய்க்கார மாக்சிக் (அத்தை மாதிரி) வீட்டு ரெண்டாங் கறி, யாழ்ப்பாணத்து ஆண்ட்டியின் சொதி எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். போன கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தால் அம்மா திட்டுவார்.

அப்பா ரிட்டையர் ஆனதும் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. அரசாங்க வீடு, வேறு வழியில்லை. சரிபார்க்க ஒருவர் பட்டியலோடு வந்தார். ஃபேன், சிங்க், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டார். முந்தின நாளே அம்மா தரையை மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார், என்னவோ பெண் பார்க்க வருகிற மாதிரி. பின்பக்கம் அவர் வைத்த கறிவேப்பிலை மரம் பட்டியலில் இல்லை. "இத என்ன செய்ய?" என்று அம்மா கேட்டார். "இருக்கட்டும்மா, அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

எல்லாக் குடும்பமும் இப்படித்தான் போனது. இன்றைக்கு ஒரு வீடு, ஆறு மாதம் கழித்து இன்னொரு வீடு. ஒருவர் கிள்ளானுக்கு, ஒருவர் பூச்சோங்குக்கு, நாங்கள் செந்தூலுக்கு. பத்து வருஷத்துக்கு முன்னால் குவார்ட்டர்ஸை இடித்தபோது எங்கள் சந்துக்காரர் ஒருவரும் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் எதைக் காட்டிக் கேட்பது? கிராண்ட், அதாவது நிலப் பத்திரம், யார் கையிலும் இல்லையே. அதே சமயத்தில்தான் 1904-இல் தொடங்கிய பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்து நிலத்தில் கொண்டோ (அடுக்குமாடி வீடுகள்) கட்டும் பேச்சு கிளம்பியது. அதற்கு ஊரே சத்தம் போட்டது, 2016-இல் அது பாரம்பரியச் சொத்தாகவும் ஆனது. சந்தோஷம்தான். ஆசிரமத்துக்கு ஊர் இருந்தது. எங்களுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த வாடகை மட்டும் இருந்தது.

அண்மையில் கே.எல். சென்ட்ரலில் உள்ள நூ சென்ட்ரல் மாலில் எஸ்கலேட்டர் பக்கம் ஒருவர் என்னையே உற்றுப் பார்த்தார். சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன்! தலை முழு வழுக்கை, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. காபி வாங்கிக் கொடுத்தார். போனில் மேப்பைத் திறந்து, உன் வீடு இங்கே, என் வீடு அங்கே என்று இரண்டு பேரும் விரலால் தேடினோம். இடம் பிடிபடவே இல்லை. பேச்சுவாக்கில் கறிவேப்பிலை மரத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"டேய், அது எங்கம்மா வச்சது லா! உங்கம்மா பறிக்கத்தான் வருவாங்க."

அரை மணி நேரம் விடவில்லை மனிதர். கேட்கலாமென்றால் என் அம்மா இப்போது உயிரோடு இல்லை, அவருடைய அம்மாவும் இல்லை. 1980-களில் சான் ஆ தோங் பக்கம் கடைசி வரிசையில் குடியிருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அந்த மரம் யாருடையது? அவரிடம் காட்ட வேண்டும்.