மறு: 'மவுண்ட்', 'டிஸ்க் இமேஜ்' ரெண்டுக்கும் என்ன சொல் போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம், ஒரு வட்டுல இருக்கற மாதிரி எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வெச்சிருக்கறது டிஸ்க் இமேஜ், அதை கம்ப்யூட்டர்ல ஒரு டிரைவ் மாதிரி காட்டறது மவுண்ட், திரும்ப விடுவிக்கறது அன்மவுண்ட். மென்பொருள் மெனுவைத் தமிழ்ல எழுதும்போது இதுக்கெல்லாம் என்ன சொல் போடலாம்ங்கற பேச்சுக்கு என் பதில் இது.

> ஏற்று / இறக்கு ஏற்கெனவே புழக்கத்துல இருக்கே, அதையே வெச்சுக்கலாமே

ஐயா, இதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. பதிவேற்று, பதிவிறக்குன்னு சனங்க வாயில நல்லா பழகிடுச்சு, அதுல எல்லாம் டேட்டா ஓரிடத்துலேருந்து இன்னோரிடத்துக்கு போகுது. மவுண்ட்ல எதுவுமே நகரல. 4 ஜிபி ஐஎஸ்ஓ ஃபைலை (டிஸ்க் இமேஜ்ல ஒரு வகை) டபுள் கிளிக் பண்ணா கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள இடது பக்க பட்டைல டிரைவ் மாதிரி வந்து நிக்குது, ஹார்ட் டிஸ்க்ல இடம் குறையறதில்ல. லினக்ஸ்ல லூப் டிவைஸ்னு ஒண்ணு அந்த ஃபைலை ஒரு டிஸ்க் மாதிரி கெர்னலுக்கு, அதாவது லினக்ஸோட மையப் பகுதிக்கு, காட்டுது, கெர்னல் அதுக்குள்ள ஃபைலெல்லாம் எந்த முறைல அடுக்கியிருக்குன்னு (ஃபைல் சிஸ்டம்) பாத்துட்டு ஒரு ஃபோல்டர்ல கொண்டுவந்து தொங்க விடுது, அவ்ளோதான். ஐஎஸ்ஓ ஃபைலோட தொடக்கத்துல கொஞ்சம் இடத்தை சிஸ்டத்துக்குன்னு ஒதுக்கிடுவாங்க, அதுக்கு அடுத்ததா இருக்கறதுலதான் வால்யூம் பேரு (அந்த வட்டோட பேரு) எல்லாம் எழுதியிருக்கும். பட்டைல டிரைவ் பேரு வருதே, அது பெரும்பாலும் அங்கேருந்து எடுக்கறதுதான். மவுண்ட் பண்ண உடனே படிக்கறது இந்த மாதிரி கொஞ்சமே கொஞ்சம்தான். இதைப் போய் 'ஏற்று'ன்னு சொன்னா புதுசா வர்றவங்க எல்லாமே கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சுன்னு நினைச்சு ஐஎஸ்ஓவை டெலிட் பண்ணிடுவாங்க. மேக்ல டிஎம்ஜியை (அங்க புழங்கற டிஸ்க் இமேஜ்) திறந்து, அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு இழுத்துப் போடாம அங்கேயே ஆப்பை ஓட்டிட்டு, எஜெக்ட் பண்ணதும் ஆப்பைக் காணோம்னு தேடறவங்க இருக்காங்க, அதுவும் இதே குழப்பம்தான்.

என் பரிந்துரை மாட்டு / கழற்று. அந்தக் காலத்து மெயின்ஃபிரேம்ல (பெரிய கம்ப்யூட்டர்) ஆபரேட்டர் கன்சோல்ல இந்த டேப்பை மவுண்ட் பண்ணுன்னு மெசேஜ் வரும், அவர் எழுந்து போய் ரீலை எடுத்து டிரைவ்ல மாட்டுவார், வேலை முடிஞ்சதும் கழட்டுவார். நம்ம ஊர் தியேட்டர்லயும் ரீல் மாட்டறதுன்னுதானே சொன்னாங்க. விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மெண்ட்ல விஹெச்டிக்கும் (இன்னொரு வகை டிஸ்க் இமேஜ்), மேக்ல கட்டளை தட்டற கமாண்ட் லைனுக்கும் 'அட்டாச்'னே வெச்சிருக்காங்க, அதுக்கும் மாட்டு சரியா உக்காரும்.

பொருத்துன்னு ஒரு தோழர் சொன்னாரு, நல்ல சொல்தான், ஆனா ஃபேன் பொருத்தினோம் கேமரா பொருத்தினோம்னா அது அங்கேயே இருக்கப்போற சங்கதி. மாட்டினதுன்னா திரும்ப கழட்டணும்ங்கறது சொல்லாமலே புரியும், பயனருக்கு முக்கியமா தெரியவேண்டியது அதுதான். டெர்மினல் (கட்டளை தட்டற ஜன்னல்) மவுண்ட் ஆன ஃபோல்டருக்குள்ள நிக்கும்போது அன்மவுண்ட் பண்ணா 'டார்கெட் ஈஸ் பிஸி'ன்னு வருமே, அதை "பயன்பாட்டில் உள்ளது, கழற்ற முடியாது"ன்னு எழுதிப் பாருங்க, யாருக்கும் விளக்கவேண்டாம்.

> மவுண்ட் பாயிண்ட்டுக்கு என்ன செய்வீங்க?

நியாயமான கேள்வி. மவுண்ட் பண்ணது எந்த ஃபோல்டர்ல வந்து தெரியுதோ அதுதான் மவுண்ட் பாயிண்ட். 'மாட்டிடம்', 'மாட்டுப்புள்ளி'ன்னு போட்டா மாடு வந்து நின்னுடும், ரெண்டும் வேணாம். 'மாட்டும் இடம்'னு பிரிச்சே எழுதலாம், ஒண்ணு ரெண்டு எழுத்து கூடினா பரவால்ல. அந்த இடம்ங்கறது ஒரு சாதா ஃபோல்டர்தான், உள்ள முன்னாடியே ஏதாச்சும் ஃபைல் இருந்தா மாட்டியிருக்கற வரைக்கும் கண்ணுல படாது, கழட்டினதும் பழையபடி தெரியும், இதை உதவிப் பக்கத்துல கண்டிப்பா ஒரு வரி எழுதணும்.

பென் டிரைவ் விஷயத்துலதான் கவனமா இருக்கணும். கையால பிடுங்கறதையும் நாம கழட்டறதுன்னுதான் சொல்றோம். அதனால மெனுல 'கழற்று', முடிஞ்சப்புறம் வர்ற அறிவிப்புல "இனி எடுக்கலாம்", இந்த ரெண்டு வினையையும் எங்கயும் மாத்திப் போடக்கூடாது, எழுத வேண்டியது பாக்கி இருக்கும்போதே பிடுங்கினா டேட்டா போயிடும்.

அடுத்து டிஸ்க் இமேஜ். பிம்பம், படிமம் ரெண்டுமே ஃபோட்டோவை நினைவுபடுத்துது. வட்டுநகல்னு சொல்லலாம்னா உபுண்டு (ஒரு வகை லினக்ஸ்) ஐஎஸ்ஓ எந்த வட்டையும் நகலெடுத்தது இல்ல, நேரா ஃபைலாவே கட்டறாங்க, மூலம்னு ஒரு வட்டு கிடையவே கிடையாது. ஆனா ஒரு வட்டுக்கு உள்ள அமைப்பு முழுசும் அதுல இருக்கு. அதனால 'வட்டுரு'. எழுத்துருன்னு சொல்றோம்ல, அதே கட்டு, புணர்ச்சியும் அப்படியேதான். ஆப்பை கன்டெய்னர்ல (கலன்) வெச்சு ஓட்டற டாக்கர் பக்கம் போனா, அங்க இருக்கற இமேஜுக்கு 'கலன் உரு'ன்னும் நீட்டிக்கலாம்.

மொழிபெயர்ப்புல இப்படி வரும்: "வட்டுருவை மாட்டு", "படிக்க மட்டும் மாட்டு", "தானாக மாட்டு", "கழற்று". விண்டோஸ் 7ல ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் பண்ணா சிடில எழுதற ஜன்னல்தான் திறக்கும், 2012ல வந்த விண்டோஸ் 8லேருந்துதான் தானாவே மவுண்ட் ஆகுது, இப்ப இந்தச் சொல்லை சாதாரண பயனரும் மெனுல பாக்கறாங்க. அதனால நமக்குள்ள மட்டும் புரிஞ்சா பத்தாது.

மாற்றுக்கருத்து இருக்கறவங்க தனிச் சொல்லா அனுப்பாதீங்க, மேல இருக்கற நாலு வரியையும் உங்க சொல்ல வெச்சு எழுதி அனுப்புங்க, சத்தமா படிச்சுப் பாப்போம். ஐஎஸ்ஓவை பென் டிரைவ்ல பூட் ஆகற மாதிரி எழுதறதுக்கான சொல்லை இதோட சேக்கவேண்டாம், சும்மா காப்பி பண்றதுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசமே பெரிசு, அதுக்கு தனி இழை தொடங்கறேன்.